மோட்டாரக்கா கை நீட்டிய நாள்

மோட்டாரக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று படகுத் துறையில் சொல்வார்கள். அது தப்பு. மூக்குவரை வந்து நிற்க அந்தக் கோபத்துக்கு என்றைக்குமே நேரம் இருந்ததில்லை. நேராகக் கைக்கு வந்துவிடும். ஒரு தடவை அவள் ஓட்டும் மோட்டார் படகில் பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பயணி சிகரெட் பற்றவைத்தான். அணைத்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து ஆற்றுக்குள் தள்ளினாள், சிகரெட் அணைந்ததும் அதே காலரைப் பிடித்துத் தூக்கிப் பலகையில் உட்காரவைத்தாள், அக்கரையில் பத்திரமாக இறக்கியும் விட்டாள். அந்த ஆள் மறுநாளும் அதே படகில்தான் வந்தான். ஆற்றைக் கடக்க வேறு படகு இல்லை.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஒன்று நடந்தது. ஏழு மாதம் ஓடியது. எட்டாவது மாதம் அந்த மனுஷன் இரண்டு பற்களையும் ஒரு தோல்பையையும் விட்டுவிட்டு ஊரைக் காலி செய்தான். தோல்பையில் அவள் இப்போது ஸ்பேனர்கள் வைத்திருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது எட்டுப் பேர் உட்காரும் ஒரு படகும், மூன்று வயது இளைய ஒரு தம்பியும். படகை யாராவது கேட்டால் யோசித்துப் பார்த்திருப்பாள். தம்பியை அப்படி யோசித்துப் பார்க்கவே அவளால் முடியாது. இதை அவனிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவனைப் பார்த்தால் அவளுக்கு வாய் திறக்காது, கைதான் திறக்கும்.

தம்பியும் சளைத்தவன் இல்லை. ஐஸ் தொழிற்சாலையில் வேலை. ஆள் உயரத்துக்குச் சற்றே குறைந்த ஐஸ் கட்டிகளைக் கொக்கி போட்டு இழுத்து இழுத்துத் தோள் இரண்டும் மூட்டைபோல் ஆகிவிட்டன. அக்கா அவனுடைய காறை எலும்பை உடைத்தபோது அவனுக்கு ஒன்பது வயது. அவன் அக்காவின் முன்பல்லைத் தட்டியபோது பதினாறு. வளர்ந்த பிறகும் வருஷத்துக்கு நான்கைந்து தடவையாவது நடுத்துறையில் கட்டிப் புரளுவார்கள். படகை அப்பா அவளுக்கு எழுதிவைத்தார் என்பதில் தொடங்கும். சாப்பிட்டாயா என்று ஏன் கேட்கவில்லை என்பதில்கூடத் தொடங்கும். ஆனால் அந்தச் சண்டைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது, யார் போட்டது என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. கல், கட்டை, கொக்கி எதுவானாலும் கீழே போட்டுவிட்டுத்தான் கிட்ட வர வேண்டும். வெறும் கையால் அடித்தது இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆறியும்விட்டது, முப்பது வருஷமாக.

இனி மோட்டாருக்கு வருவோம். அவளுடைய வாழ்க்கையில் பாதி அதோடு போராடுவதிலேயே கழிந்தது.

படகை வண்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு மோட்டார் வேலை ஒரு வேலையே இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குழாயைத் திருப்பிவிட்டுக் கழுவுவார்கள். அவளிடம் வண்டியும் இல்லை, வண்டியை இறக்கச் சரிவான கரையும் இல்லை. படகு வருஷம் முழுக்கத் தண்ணீரிலேயே இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிக் கிடக்கும். ஆற்றில் கடல் கலக்கிற இடம், உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னும், சிப்பி ஒட்டும், பாசி படரும். அதனால் கடைசி நடை முடிந்ததும் மோட்டாரை மேலே சாய்த்துத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட வேண்டும். வாரம் ஒரு தடவை, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பீப்பாயை மோட்டாரின் காலுக்கு, அதாவது புரொப்பல்லர் சுழலும் கீழ்ப்பகுதிக்கு, அடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். பதினொரு குடம் பிடிக்கும். பன்னிரண்டாவது குடத்தை அவள் தன் தலையில் ஊற்றிக்கொள்வாள்.

தண்ணீருக்கு மேல் செய்கிற வேலையில் கை நழுவினால் பொருள் போனதுதான். கீழே சேறு, விழுந்த நட்டைத் தேட முடியாது. அதனால் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அவள் ஒரு முழ நைலான் நரம்பு கட்டியிருந்தாள். ஸ்பேனரில் கட்டிய இடத்தில் நீல டேப்பைச் சுற்றுவாள். மறுமுனையில் மணிக்கட்டுக்கு ஒரு வளையம் போட்டு, முடிச்சு அவிழாமல் இருக்க நுனியைத் தீக்குச்சியால் பொசுக்கி உருட்டிவிடுவாள். பிள்ளைகளுக்கு அரைஞாண் கட்டுவதுபோல் கட்டுகிறாளே என்று தம்பி கேலி செய்வான். இவ்வளவு கட்டியும் பத்து நாளைக்கு முன் பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்தான் எடுத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு என்ன விசாரணை? அவருடைய வலைச் சாயத் தொட்டியைத் தூக்கி அவர் தலையிலேயே கவிழ்த்தாள். பாவம், அவர் காதுமடல் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.

மோட்டாரின் காலுக்குள் இருக்கும் கியர் ஆயிலை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தொல்லை. ஆயில் முழுதும் வடிய வேண்டுமென்றால் கால் நேராக நிற்க வேண்டும். நேராக நிறுத்தினால் கால் தண்ணீருக்குள் போய்விடும். தண்ணீருக்குள் ஸ்க்ரூவைக் கழற்றினால் ஆயில் வெளியே போவதற்குள் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும். இதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஆற்றில் நீர் நன்றாக இறங்கும் நாளாகப் பார்த்துப் படகைச் சேற்றுத் திட்டில் தரைதட்ட விடுவாள். மோட்டாருக்கு அடியில் மண்வெட்டியால் இடுப்பளவு குழி தோண்டுவாள். காலைக் குழிக்குள் நேராக இறக்குவாள். நீர் திரும்பி ஏற மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் கீழ் ஸ்க்ரூ, மேல் ஸ்க்ரூ இரண்டையும் கழற்றிப் பழைய ஆயிலை வடித்து, கீழிருந்து புது ஆயிலை ஏற்றி, மேல் துளையில் வழிந்ததும் முதலில் மேலதை மூடி, பிறகு கீழதை மூடிவிட வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் ஆறு வந்து மோட்டாருக்குள் குடியேறிவிடும்.

அன்று காலை எட்டரை மணிக்குக் குழியில் இறங்கினாள். கீழ் ஸ்க்ரூவைக் கழற்றினாள். கறுப்பாக, கெட்டியாக வர வேண்டிய ஆயில் பால் அதிகமான டீபோல் வந்தது. மேல் ஸ்க்ரூவைக் கழற்றியதும் அந்த டீ குபுகுபுவென்று கொட்டியது. எங்கோ ரப்பர் சீல் கிழிந்து தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் பல்சக்கரம் கடித்துக்கொண்டு, எட்டுப் பேரோடு நடு ஆற்றில் நின்று, நீரோட்டம் அப்படியே கடலுக்கு இழுத்துப் போயிருக்கும். குனிந்து பார்த்தாள். புரொப்பல்லருக்கும் காலுக்கும் நடுவே இருக்கும் சந்தில் பச்சையாக ஏதோ மின்னியது. தூண்டில் நரம்பு. இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு சீலை அறுத்திருந்தது.

துறையில் பச்சை நரம்பு வைத்திருப்பவன் ஒரே ஒருவன்தான். ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் உட்கார்ந்து தூண்டில் போடுகிற அவளுடைய தம்பி.

ஞாயிற்றுக்கிழமை படகை இரவல் வாங்கிப் போனவனும் அவன்தான். திருப்பிக் கொண்டுவந்து கட்டும்போது, "இந்த மோட்டார் ஒருநாள் நடு ஆத்துல நிக்கும் பாரு" என்று சொன்னவனும் அவன்தான். அக்கறையில் சொன்னான் என்று அன்று நினைத்தாள். இன்று அந்த வார்த்தை வேறு மாதிரி ஒலித்தது. படகு தனக்கு வராத வயிற்றெரிச்சலில், அக்காவை ஆளோடு படகோடு கடலுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறான். இப்படித்தான் அவள் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் வெளியே புடைத்திருந்த ஒரு மடிப்பிலிருந்து விரல் நீள நரம்பைக் கத்தியால் அறுத்துக் கையில் பொத்திக்கொண்டாள். மறு கையில் துடுப்பு இருந்தது. குழியிலிருந்து ஏறுவதற்கு ஊன்றிக்கொள்ள எடுத்தது, போட மறந்துவிட்டாள். மறந்துவிட்டாள் என்றுதான் அவள் இன்றுவரை சொல்கிறாள்.

ஐஸ் தொழிற்சாலைக்குள் எப்போதும் மழை பெய்து விட்டதுபோல் ஈரம். அரவை இயந்திரம் ஐஸ் கட்டிகளைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. தம்பி ஒரு கட்டியைக் கொக்கியால் இழுத்துக்கொண்டு வந்தான். அக்கா இடுப்பு வரை சேறோடு வருவதைப் பார்த்ததும் வழக்கமான சண்டை என்று நினைத்து, கொக்கியைக் கீழே போட்டான். கட்டுப்பாட்டை அவன் மறக்கவில்லை.

அவள் நரம்பை அவன் முகத்தில் எறிந்தாள். "இது யாருதுடா?"

அவன் எடுத்துப் பார்த்தான். தன்னுடையதுதான், அதற்கென்ன என்றான்.

அவ்வளவுதான். என்னுடையது என்ற ஒரு வார்த்தை அவளுக்குப் போதுமானதாக இருந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. என்ன விஷயம், எதற்கு அடிக்கிறாய் என்று அவன் கத்தினான். இயந்திரச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, மீதியை அவள் கேட்கவில்லை. அவன் உள்ளே புகுந்து அவள் வயிற்றில் குத்தினான். அவள் இரண்டடி பின்னால் போய், மூச்சு வாங்காமலே திரும்பி வந்து துடுப்பை வீசினாள். அவன் முழங்கையால் தடுத்தான்; எலும்பில் பட்ட சத்தம் இயந்திரத்தையும் மீறி எல்லோருக்கும் கேட்டது. அவன் துடுப்பைப் பிடித்து இழுத்தான், அவள் விடவில்லை, இரண்டு பேரும் வழுக்கி விழுந்து ஈரத் தரையில் புரண்டார்கள். அவன் அவள் தலைமுடியைப் பிடித்துத் தரையில் ஒரு முறை மோதினான். அவள் அவன் கையைக் கடித்தாள், வாயில் ரத்தம் வரும் வரை கடித்தாள். வேலையாட்கள் சுற்றி நின்றார்கள். குறுக்கே போனால் தங்களுக்கும் விழும் என்று பழக்கத்தில் தெரிந்தவர்கள்.

அவன்தான் முதலில் எழுந்தான். எழுந்து, போதும் என்று கையைக் காட்டிவிட்டு, கடிபட்ட கையை உதறிக்கொண்டு திரும்பினான். சண்டை அத்தோடு முடிந்திருக்க வேண்டும், முப்பது வருஷமாக அப்படித்தான் முடிந்திருக்கிறது. அவள் எழுந்து, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, அதன் அகலப் பக்கத்தால் அவன் வலது காதில் அறைந்தாள்.

அவன் பக்கவாட்டில் சாய்ந்து ஐஸ் கட்டியின் விளிம்பில் மோதி, கீழே உட்கார்ந்தான். காதிலிருந்து ரத்தம் ஒரு கோடாக இறங்கிக் கழுத்துக்குள் போனது. யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள். அவனை ஐஸ் வண்டியிலேயே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவள் பின்னால் ஓடவில்லை. கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் துறைக்குத் திரும்பினாள். மோட்டார் ஸ்க்ரூ திறந்து கிடக்கிறது, நீர் ஏறப்போகிறது என்பது அந்த நேரத்திலும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. மனிதர்களில் இப்படியும் ஒரு ரகம் உண்டு.

குழிக்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. புரொப்பல்லரின் பூட்டுப் பின்னை நிமிர்த்தி உருவினாள், நட்டைக் கழற்றினாள், இரண்டு உதை விட்டு புரொப்பல்லரை இழுத்து எடுத்தாள். தண்டில் நரம்பு கயிறுபோல் இறுகிக் கிடந்தது. வசவை உரக்கச் சொல்லிக்கொண்டே சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். அவனையும், அவனை வளர்த்ததையும், அவனுக்குப் படகை இரவல் கொடுத்த தன் புத்தியையும் திட்டினாள். கடைசிச் சுற்று கையோடு வந்தது. அவள் அறுத்ததில் நரம்பு இரண்டு துண்டாகியிருந்தது, ஒரு துண்டின் முனையில் நீல டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுதுண்டின் முனை வளையமாக இருந்தது. வளையத்தின் முடிச்சில் நுனி பொசுக்கி உருட்டப்பட்டிருந்தது.

அவள் அந்த நுனியை விரலால் தடவிப் பார்த்தாள். துறையில் வேறு யாரும் நுனியைப் பொசுக்குவதில்லை.

பத்து நாளைக்கு முன் மோட்டாரின் பிடிமான நட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கரையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வளையத்தைக் கையிலிருந்து உருவி மோட்டாரிலேயே மாட்டிவிட்டு, அப்படியே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து கிளம்பினாள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் தொங்கிக்கொண்டே தண்ணீருக்குள் போயிருக்கிறது. நரம்பைப் புரொப்பல்லர் இழுத்துச் சுற்றியிருக்கிறது, ஸ்பேனர் டேப்பிலிருந்து கழன்று சேற்றுக்குப் போயிருக்கிறது. நரம்பு மட்டும் தம்பியுடையது என்பது உண்மைதான். போன மாதம் அவன் இல்லாத நேரத்தில் அவன் தூண்டில் உருளையிலிருந்து அவளே பத்து முழம் அறுத்துக்கொண்டாள், கோபத்தில் அது அவள் நினைவுக்கே வரவில்லை. கேட்டால் கொடுத்திருப்பான். கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இரண்டு ஸ்க்ரூக்களையும் மூடினாள். கீழதை முதலில் மூடினாள், மேலதைப் பிறகு. ஆயில் ஊற்றவும் இல்லை. பிறகு குழியிலேயே நின்று தன் வலது கையைத் தன் பல்லாலேயே கடித்தாள். வலை பின்னும் பெரியவர் பார்த்துவிட்டு வலையைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனார்.

மூன்று நாள் அவளை ஆஸ்பத்திரி வார்டுக்குள் விடவில்லை. விடாதவள் தம்பியின் மனைவி. ஒடிசலான, அதிகம் வாய் திறக்காத பெண். முதல் நாள் தண்ணீர் பாட்டிலால் மோட்டாரக்காவின் முகத்திலேயே அடித்தாள். மூடி பட்டுப் புருவம் கிழிந்தது. இரண்டாம் நாள் செருப்பைக் கழற்றினாள். மோட்டாரக்கா முகத்தைத் திருப்பாமல் நின்றாள். போலீசுக்குப் போகிறேன் என்று அந்தப் பெண் சொன்னதற்கு, இது எங்கள் வீட்டு விஷயம், யாரும் உள்ளே வர வேண்டாம் என்று படுக்கையிலிருந்து தம்பி சொல்லிவிட்டானாம். அதை நர்ஸ் வந்து சொன்னாள். ராத்திரி துணைக்கு யார் படுப்பது என்ற கேள்வி வந்தபோதும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

நான்காம் நாள் காலை தம்பியின் மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். டாக்டர் கதவைத் திறந்து, உறவு யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். அக்கா இருக்கிறேன் என்று சொல்லி எழுந்தாள். டாக்டர் அவளைச் சுவரோரம் அழைத்துப் போய்ப் பேசினார். முழங்கை கூடிவிடும். தலைக்குள் ஒன்றும் இல்லை. வலது காதின் உள்ளே எலும்பு உடைந்து நரம்பு போய்விட்டது, அந்தக் காதில் இனி சத்தம் விழாது, மெஷின் வைத்தாலும் விழாது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை, வீக்கம் வடியட்டும் என்று வைத்திருக்கிறோம், நீங்கள் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றார். அவளிடம் பக்குவத்தை ஒப்படைத்த முதல் ஆள் அவர்.

அவள் உள்ளே போனாள். அவன் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தான். முகம் அந்தப் பக்கம் இருந்தது, கட்டுப் போட்ட காது மேலே இருந்தது. "டேய்" என்றாள். அவன் அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு, கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றாள். அவன் கண்ணைத் திறந்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டான்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நரம்பு தன்னுடையது, தானே அவன் உருளையிலிருந்து திருடியது, தானே மாட்டிவிட்டு மறந்தது, தானே ஸ்டார்ட் செய்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில், "நீ ஒண்ணுமே பண்ணலடா. நான்தான் கண்மண் தெரியாம அடிச்சிட்டேன்" என்றாள்.

 அவன் நல்ல கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, அதே கையால் அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். கிழிந்திருந்த புருவம் மறுபடி திறந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நர்ஸ் ஓடிவந்தாள். அவன் இன்னொன்றும் விட்டான். "அன்னிக்கு தொழிற்சாலைக்குள்ள வரும்போதே அதைக் கேட்டிருக்கலாமில்ல? கேட்டா என்ன குறைஞ்சிடும் உனக்கு?" என்று சொல்லி மூன்றாவதும் விட்டான். அவள் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்திருந்தாள்.

நான்காவதுக்குக் கை ஓங்கியவன் அப்படியே நிறுத்தினான்.

"திருப்பி அடி" என்றான்.

அவள் அசையவில்லை.

"அக்கா, திருப்பி அடின்னு சொல்றேன்ல." அவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன. அவள் முகத்தையும், ரத்தத்தைத் துடைக்காமல் அவள் உட்கார்ந்திருந்த விதத்தையும் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். தோளைப் பிடித்திருந்த கை மெல்ல விலகி, கட்டுக்கு மேலாகத் தன் வலது காதைத் தொட்டது.

"அக்கா," என்றான், "இது திரும்ப வராதா?"